சாந்திக்கு, உன் புல் தைலம் பற்றி

அன்புள்ள சாந்தி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. குட்டி பத்தாம் வகுப்பு, வீட்டில் டிவி கிடையாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கொடுத்துவிட்ட எலுமிச்சைப்புல் தைலத்தின் இரண்டாவது ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. போனில் சொன்னால் பாதி கேட்டதுமே அந்த வியாபாரியிடம் சண்டைக்குக் கிளம்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுதாகப் படி.

முதலில் ஐ.ஆர். சோதனை, அதாவது அகச்சிவப்பு ஒளியை வைத்துப் பார்ப்பது. கருவியின் வைர முனையில் ஒரு சொட்டு விட்டதுமே அறை முழுக்க உன் சோப்பு வாசனை. திரையில் அலை எண் 1675-க்குப் பக்கத்தில் ஊசி மாதிரி ஒரு பீக் எழுந்து நின்றது, அது சிட்ரால், புல் தைலத்துக்கு அந்த எலுமிச்சை வாசனையைத் தருகிற பொருள். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தாராளமாகக் கலந்திருந்தால் 1745-க்குப் பக்கத்தில் இன்னொன்று தூக்கலாகத் தெரியும். அப்படி எதுவும் இல்லை. நல்ல புல் தைலத்தின் கோடும் உன்னுடையதும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. வியாபாரி உனக்குக் காட்டிய சான்றிதழும் இதே சோதனைதான். அந்தத் தாளில் பொய் இல்லை சாந்தி, அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஐ.ஆருக்குத் தெரிவதெல்லாம் மூலக்கூறில் எந்தப் பிணைப்பு எப்படி அதிர்கிறது என்பது மட்டுமே. சிட்ரால் புல்லில் இருந்து வந்தாலும், ஃபாக்டரியில் இருந்து வந்தாலும், சீனாவில் லிட்சியா என்று ஒரு மரம் இருக்கிறதே, அதன் காயில் இருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் அதிரும். உன் மூக்குக்கும் அதே கதிதான். சுந்தரம் சார் லேபில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏழு பாட்டிலையும் சரியாகச் சொன்ன மூக்காகவே இருக்கட்டும், இதில் தோற்றுத்தான் போகும்.

அதனால்தான் கார்பன் ஐசோடோப் சோதனைக்கு அனுப்பினேன். கரும்பு, சோளம், எலுமிச்சைப்புல் எல்லாம் ஒரு வழியில் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும். மரங்களில் பெரும்பாலானவை வேறு வழியில் எடுக்கும். புல் வகையில் கார்பன்-13, அதாவது கொஞ்சம் கனமான கார்பன், சற்று அதிகமாகத் தங்கும். அதை அளக்கிற அளவுகோலில் (மைனஸ் எண் கூடக் கூட கார்பன்-13 குறைவு) புல்லின் சிட்ரால் மைனஸ் 12 பக்கம் நிற்க வேண்டும். மரத்துச் சரக்கு மைனஸ் 27 பக்கம் இறங்கிவிடும். உன் தைலத்தின் சிட்ரால் மைனஸ் 26.

அது புல்லே இல்லை, சாந்தி.

மரமா, பெட்ரோலியமா என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு கார்பன்-14 பார்க்க வேண்டும். பெட்ரோலியத்தில் இருந்து செய்ததென்றால் அது துளியும் இருக்காது. அந்தச் செலவு உனக்கு வேண்டாம், புல் இல்லை என்று தெரிந்ததே போதும்.

இதில் நீ ஏமாந்தது சின்ன விஷயம். நூறு கிலோ பச்சைப் புல்லை அறுத்து, சுமந்து, அடுப்பெரித்து வடித்தால் அரை கிலோ எண்ணெய் தேறினாலே அதிகம். மலையில் அதைச் செய்கிறவனிடம், 'இதே சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கிறதே' என்று இதைக் காட்டிப் பேரம் பேசுவார்கள். அவன் பதிலுக்கு எந்தத் தாளைக் காட்டுவான்? இரண்டு வருஷம் பார்ப்பான், அப்புறம் புல்லைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைப்பான். நினைத்தால் வயிறு எரிகிறது. நானும் இந்தத் துறையில்தானே சம்பளம் வாங்குகிறேன், 'சுத்தம்' என்று கையெழுத்துப் போடும்போது எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை என்று சேர்த்து எழுதச் சொல்லி ஆபீஸில் கேட்டிருக்கிறேன். முகம் சுளிக்கிறார்கள். விடமாட்டேன்.

உனக்கு ஒரு வேலை. உன் மாமாவுக்குத் தெரிந்த அந்த வடிப்பவரிடம் நீயே போ. புல் கொதிகலனில் ஏறுவதில் இருந்து எண்ணெய் பிரிவதுவரை கூடவே நில். உன் கண்முன் இறங்கிய எண்ணெயில் கொஞ்சம், பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி (காற்று இருந்தால் சிட்ரால் கெட்டுப்போகும்) ஊர், தேதி எழுதி ஒட்டு. நிச்சயமாகத் தெரிந்த சாம்பிள் ஒன்று கையில் இருந்தால்தான் மற்றதை ஒப்பிட முடியும். இனி நீ வாங்கும் ஒவ்வொரு சரக்கையும் அதோடு வைத்துப் பார்க்கலாம். சோதனைச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணன் அடுத்த வாரம் பொதிகை ரயிலில் வருகிறானாம். புட்டியை அவனிடம் கொடு, பெட்டிக்குள் நிமிர்த்தி வைக்கச் சொல். அந்த வியாபாரிக்கு மிச்சப் பணத்தை அதுவரை அனுப்பாதே.

அன்புடன்,
கீதா