மரம் வளர்ப்போர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவருக்கும் பொருளாளருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழு கூடுச்சு. சுதந்திர தினத்துக்கு கொடி ஏத்துனோம். மழைக்கு முன்னாடி சவுக்கு, தேக்கு கன்னு வாங்கிக் கொடுத்தோம்.

இந்த வருசம் நான் முழுமூச்சா எடுத்துக்கிட்டது ஒரே வேலைதான். தைலமரம் வெட்டுனா கட்டைய மட்டும் லாரில ஏத்துங்க, இலை, சுள்ளி, பட்டைய கொல்லையிலேயே விடுங்கன்னு தோட்டம் தோட்டமா போய் சொன்னேன். கூட்டத்துக்கு வராதவங்களுக்காக திரும்ப எழுதுறேன். மரத்தோட எடையில பெரும்பங்கு அடிமரம்தான், ஆனா சத்து அந்த கணக்குல இல்ல. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூணும் இலையிலதான் அடர்த்தி, கட்டைல ரொம்ப கம்மி, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) பட்டையில குவிஞ்சு கிடக்கு. இலை பழுத்து விழுறதுக்குள்ள தழைச்சத்துலயும் மணிச்சத்துலயும் ஏறக்குறைய பாதிய மரம் திரும்ப இழுத்து கொழுந்துக்கு அனுப்பிடும், அடியில இருக்க இலை மஞ்சளாகுறது அதனாலதான். சுண்ணாம்பு அப்படி திரும்பாது, போன இடத்துலயே தங்கிடும். நடுமரம் வைரம் பாயுறப்பகூட, அதாவது உயிரத்துப்போய் கெட்டியாகுறப்பகூட, அங்க இருக்க மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் வெளிப்பக்கத்துக்கு எடுத்துக்கும். நாம நாலஞ்சு வருசத்துலயே வெட்டிடுறோம், அந்த வயசுல வைரம் கம்மி, இலை பட்டையோட பங்கு ஜாஸ்தி. அதையும் சேர்த்து சூளை விறகுக்கு அள்ளிக் கொடுத்தா, ஏற்கனவே சத்து குறைஞ்ச நம்ம புதுக்கோட்டை செம்மண்ணுல அடுத்த வெட்டுக்கு என்னங்க மிஞ்சும்? கொளுத்துனாலும் நஷ்டம்தான், தழைச்சத்து புகையோட போயிடும், மிச்ச சாம்பலை முதல் மழை அடிச்சிட்டு போயிடும்.

சொன்னதைக் கேட்டு விட்டுவச்ச உறுப்பினர் ஒருத்தர் கொல்லையில ஐப்பசி மழைக்கப்புறம் சருகை விலக்கிப் பாத்தோம். மக்குன இலைக்கு நடுவுல நூல் மாதிரி வேர் மேல ஏறி வந்து பின்னிக் கிடந்துச்சு. சத்து உறிஞ்சுற வேரு இந்த மெல்லிசு வேருதான்.

இதைப் பாக்க வாங்கன்னு எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல போட்டேன், போனும் பண்ணேன். வந்தது விரல் விட்டு எண்ணுற ஆளுங்க. வராதவங்கள்ல சிலபேரு மறுவாரமே சுள்ளியோட மொத்தமா வியாபாரிக்கு பேசி முடிச்சுட்டாங்க. எனக்கு அது நிஜமாவே வருத்தம்.

வரவு செலவு பொருளாளர்கிட்ட இருக்கு. கையிருப்பு கொஞ்சம் இருக்கு, ஆனா பாதிக்கு மேல சந்தா வரல, வர்ற சந்தாதான் கன்னுக்கும் கூட்டச் செலவுக்கும் போகுது.

இடம் கொடுத்த தலைவருக்கும், டீ செலவை ஏத்துக்கிட்ட துணைத்தலைவருக்கும், நர்சரிக்காரங்களுக்கும் நன்றி.

அடுத்த வருசம் வெட்டுற கொல்லைல எல்லாம் வெட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் மண் பரிசோதனை பண்ணணும்னு ஆசை. பணம் இல்லாம நடக்காது, ஆளு இல்லாமலும் நடக்காது. பாக்கி சந்தாவ ஆடிக்குள்ள கட்டிடுங்க. வெட்டுக்கு தேதி குறிச்சவங்க வியாபாரிகிட்ட பேசுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க, நானே வந்து நிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்