சஸ்பெண்டுக்குப் பிறகு எஸ்எஸ்டி விழிப்பதில்லை – புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் மடிக்கணினியை வாங்கி 4 மாதம் ஆகிறது. சஸ்பெண்டில் (தூக்க நிலையில்) மூடிவைத்துத் திறந்தால், மூன்றில் ஒரு தடவை எஸ்எஸ்டி, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ், விழிப்பதில்லை. திரை வருகிறது, மவுஸ் நகர்கிறது, எழுதிக்கொண்டிருந்த பக்கமும் அப்படியே இருக்கிறது. சேமிக்கப் போனால்தான் எல்லாம் உறைகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு நாள் முழுக்க எழுதிய அறிக்கை இப்படித்தான் போனது. டிரைவ் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில், முறையாக மூடாமல் நின்றுபோன கணக்கு 61 ஆகிவிட்டது.

உறைந்த திரையில் ஓடிய லினக்ஸ் கெர்னலின் (ஓஎஸ்ஸின் மையப் பகுதியின்) லாகைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். டிரைவுக்குள் இருக்கும் என்விஎம்இ கன்ட்ரோலரின் நிலையைக் கேட்டால் வரிசையாக எட்டு எஃப் வருகிறது, பாருங்கள். டிரைவைக் கணினியோடு இணைக்கும் பிசிஐஇ பஸ்ஸில் டிரைவ் பதிலே சொல்லவில்லை என்று அர்த்தம்.

சஸ்பெண்டில் எஸ்3, எஸ்2ஐடில் என்று இரண்டு வகை உண்டு. இந்தக் கணினியின் பயாஸில் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில்) எஸ்3 வசதியை நீங்கள் வைக்கவில்லை, எஸ்2ஐடில் மட்டும்தான். எஸ்3 என்றால் டிரைவை முறையாக மூடிவிட்டுத்தான் கணினி தூங்கும். எஸ்2ஐடிலில் அப்படியில்லை. லினக்ஸ் 5.3 முதல், கெர்னல் டிரைவை மூடாமல், டிரைவே அறிவித்திருக்கும் பவர் நிலைகளில் ஆக ஆழமானதற்கு அனுப்புகிறது. இந்த டிரைவில் அது பிஎஸ்4. அந்த நிலைக்குப் போன டிரைவ் சில தடவை திரும்புவதில்லை.

முதலில் ஓஎஸ்ஸை மறுபடி நிறுவச் சொன்னீர்கள். இரண்டு முறை செய்தேன். அப்புறம் ஏபிஎஸ்டியை நிறுத்தச் சொன்னீர்கள். அது கணினி ஓடும்போது டிரைவ் தானாகக் கண்ணயர்வதற்கான ஏற்பாடு. சஸ்பெண்டில் டிரைவைத் தூங்க அனுப்புவது கெர்னல். அதனால் பலன் இல்லை. பிறகு நானாகவே பிசிஐஇ இணைப்பின் மின்சேமிப்பு வசதியான ஏஎஸ்பிஎம்மை அணைத்துப் பார்த்தேன். அப்போது கெர்னல் சஸ்பெண்டில் டிரைவை முழுதாக மூடிவிடுகிறது. 3 வாரம் ஒரு தடவைகூடச் சிக்கல் வரவில்லை! ஆனால் இரவு மூடிவைத்தால் காலையில் பாதி பேட்டரி காலி. பையிலிருந்து எடுக்கும்போது அடிப்பக்கம் சுடுகிறது.

முழுதாக மூடினால் எழுகிறது, பிஎஸ்4-க்கு அனுப்பினால் சில தடவை எழுவதில்லை. ஆகவே கோளாறு டிரைவின் ஃபர்ம்வேரிலோ (அதற்குள் பதிந்த மென்பொருளிலோ) மதர்போர்டிலோதான் இருக்க வேண்டும். தயவுசெய்து இதைப் பொறியாளர் ஒருவரிடம் கொடுங்கள். திருத்திய ஃபர்ம்வேர் வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், வாரண்டியில் வேறு மாடல் எஸ்எஸ்டி கொடுங்கள். சரி, அதுவும் முடியாதென்றால் பயாஸில் எஸ்3-ஐத் திறந்துவிடுங்கள்.

சோதனைக்கு என்ன லாக் வேண்டுமானாலும் அனுப்பத் தயார். ஓஎஸ்ஸை மட்டும் மூன்றாம் முறை நிறுவச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்