படத்தில் ஒன்றுமே இல்லையே என்று கேட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய, இந்திய ஓவியர் கைதொண்டேயின் ஓவியப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமே இல்லையே தம்பி, இதற்கா அவ்வளவு காசு? நமக்கெல்லாம் இது எங்கே புரியப்போகுது" என்று சொன்னீர்கள். அதிலேயே இரண்டு வரியில் பதில் போட எனக்கு மனசு வரவில்லை. சுங்கை சிப்புட்டில் பாதிக் கடைகளுக்குப் போர்டு எழுதியவர், கோயில் விமானத்துக்கு வர்ணம் பூசுகிறவர், நீங்களே இப்படிச் சொன்னது என்னை ரொம்ப யோசிக்க வைத்துவிட்டது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 2025 செப்டம்பரில் அவருடைய 1970ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று இந்தியாவில் 67 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது, நம் கணக்கில் மூன்று கோடி ரிங்கிட்டுக்கு மேல். அவரோ 2001லேயே இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாமல், கூட்டத்தை விட்டு ஒதுங்கி, டெல்லி நிஜாமுதீனில் சின்ன வாடகை இடத்தில் இருந்து வரைந்தவர். ஏலக்காரர்கள் பேச்சு அவ்வளவு போதும்.

வாசுதேவ் கைதொண்டே 1924இல் நாக்பூரில் பிறந்தவர், பூர்வீகம் கோவா. வளர்ந்தது மும்பை கிர்காவில், ஒரே வராந்தாவில் வரிசையாகக் கதவுகள் இருக்கிற குடியிருப்பில். அந்த வாழ்க்கையை ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1948இல் மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்து முடித்தார். ஆரம்பத்தில் மனிதர்களை வரைந்தவர்தான், பழைய சிற்றோவியங்களின் கோடும் நிறமும் அவற்றில் தெரியும். உருவம் வராமல் விட்டவர் இல்லை, நன்றாக வந்துகொண்டிருந்த ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைத்தவர். ஐம்பதுகளின் கடைசியில் உருவம் முழுக்கப் போய்விட்டது. ஜென் பௌத்தம், ரமணர் என்று படிப்பும் அந்தப் பக்கம் போனது. 1964இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் நியூயார்க் போய், உருவமே இல்லாமல் பெரிய நிறப் பரப்புகளை வரைந்த அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவைச் சந்தித்தார். ஆனால் ரோத்கோவைப் பார்த்துத்தான் கைதொண்டே மாறினார் என்று சிலர் எழுதுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. போவதற்கு முன்பே அவர் தன் வழிக்கு வந்துவிட்டார்.

சரி, அவர் வேலை செய்த விதத்துக்கு வருகிறேன், உங்களிடம் சொல்ல ஆசைப்பட்டதே இதைத்தான். அவர் தூரிகையை மட்டும் நம்பவில்லை. ரோலரால் சாயத்தை இழுப்பார், கத்தியால் சுரண்டி எடுப்பார், அது காய்ந்ததும் மெல்லிசாக இன்னொரு பூச்சு, மறுபடி சுரண்டல். கிழித்த பத்திரிகைத் தாளில் சாயத்தை ஏற்றித் துணிமேல் ஒற்றி எடுப்பார், நம்மால் படிக்க முடியாத எழுத்து மாதிரி ஏதோ ஒன்று பதிந்து நிற்கும். பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்து யோசனைதான். வருஷத்துக்கு ஐந்தாறு ஓவியம், அவ்வளவுதான். கையெழுத்தைக்கூட முன்பக்கம் போடாமல் பின்னால் போட்டார். 1984இல் ஒரு விபத்தில் அடிபட்டுச் சில வருஷம் பெரிய துணியில் வரைய முடியாமல் போனபோது, சின்னத் தாள்களில் மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியத்தின் முன்னால் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது பெரியம்மா வேலை செய்த ரப்பர் ஸ்டோர்தான். ரப்பர் பால் உறைந்து, மிஷினில் நசுங்கி, புகையில் காய்ந்து வந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார்களே, தேன் நிறத்துக்குள் ஒரு குமிழி, ஒரு துளி மரப்பட்டைத் தூசி எல்லாம் தெரியுமே, அந்த மாதிரி இந்தச் சாயத்துக்கும் உள்ளே வெளிச்சம் இருக்கிறது. கைபேசிப் படத்தில் அது வராது. நேரில் கிட்டே போனால் மேலே இருக்கிற மஞ்சளுக்குக் கீழே ஒரு சாம்பல், அதற்கும் கீழே பச்சை போல ஏதோ ஒன்று, இப்படி எத்தனை அடுக்கு என்று சொல்ல முடியாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

புரியாது என்று நீங்கள் சொல்வதை அதனால்தான் நான் ஏற்கமாட்டேன். அம்மன் முகத்துக்கு மஞ்சள் பூசுமுன் அடியில் என்ன பூச்சு போகணும், முந்தையது காயாமல் அடுத்ததை வைத்தால் என்ன ஆகும், மழைக்காலத்தில் எத்தனை நாள் கைகட்டி நிற்கணும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஏலத்தில் கை தூக்குகிறவருக்கும், கேட்லாக்கில் பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கும் அது தெரியாது. என்ன உருவம் என்று தேடுவதை விட்டுவிட்டு, எதை முதலில் பூசியிருப்பான், எங்கே சுரண்டியிருப்பான் என்று பாருங்கள், அண்ணே.

கைதொண்டேதான் வேண்டும் என்றில்லை. கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் மூவாரில் பிறந்த சைட் அகமட் ஜமாலின் ஓவியங்கள் இருக்கின்றன. குனோங் லேடாங் மலையை முக்கோணமாகவும் நிறமாகவும் ஆக்கியவர் அவர், அந்தக் கலைக்கூடத்துக்கே இயக்குநராகவும் இருந்தவர். அடுத்த பள்ளி விடுமுறையில் அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க, நான் கேஎல்லில்தான் இருப்பேன். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாங்க, ஓவியத்தின் ஓரத்தைக் கிட்டே நின்று பார்க்க வேண்டியிருக்கும். அடியில் போன நிறம் எது என்று அங்கேயே நீங்கள்தான் எனக்குச் சொல்லணும்.

அன்புடன்,
தம்பி