மூடாக்கில் பூசணம்: மருந்துக்கு முன் தண்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காய்கறிச் செடிகளைச் சுற்றி மண்ணை மூடப் பரப்பிய சருகில், அதாவது மூடாக்கில், பூசணம் பிடித்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பூஞ்சைக்கொல்லி தெளிக்கச் சொல்லி உங்கள் தோட்டப் பகுதியில் இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. அதே இரண்டு வரியை நம்பி ஒரு முறை கெட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு கத்தரிச் செடிகளுக்கு வைக்கோலும் சருகும் பரப்பியிருந்தேன். நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு விலக்கிப் பார்த்தால், பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் அடியெல்லாம் வெள்ளை இழை. பதறிப்போய் அத்தனையையும் வாரிக் கொட்டிவிட்டு மண்ணுக்கு மருந்தும் அடித்தேன். வெயில் ஏறியதும் வெறுந்தரை பாளம் பாளமாக வெடித்தது. செடிகள் ஒரு வாரம் துவண்டு கிடந்தன. பூசணம் செய்யாத கெடுதலை நானே செய்து முடித்திருந்தேன்.

அந்த இழைக்குச் சருகுதான் இரை. காய்ந்த இலையும் மரச்சீவலும் மட்குவதே பெரும்பாலும் பூஞ்சைகளின் உழைப்பால்தான். மருந்தடித்தால் அந்த வேலை கெடும். ஈரம் இருக்கும்வரை இழையோ திரும்ப வரும். யாரோ வாந்தி எடுத்ததுபோல் ராத்திரியோடு ராத்திரியாக மஞ்சள் நுரை ஒன்று தோன்றுமே, அது பூஞ்சைகூட இல்லை. அமீபாவுக்கு உறவான ஓர் உயிர். பார்க்க அருவருப்பு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதும் எனக்குத் துணிச்சல் மிஞ்சிவிட்டது. அடுத்த பருவத்தில் ஒரு தக்காளிச் செடி பச்சை மாறாமலே வாடி நின்றது. தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் தலை தூக்கவில்லை. தண்டை ஒட்டிக் கிடந்த வைக்கோலை அப்போதுதான் விலக்கினேன். மண்மட்டத்தில் தண்டைச் சுற்றி விசிறிபோல் வெள்ளை இழை. அதன்மேல் கடுகு இறைத்ததுபோல் பழுப்பு மணிகள். ஸ்கிலிரோஷியம் என்னும் பூஞ்சையால் வரும் தண்டழுகல் அது. அந்தக் 'கடுகு' மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்து மறுபடி முளைக்கும். செடியை வேர்மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்தினேன். எருக்குழிப் பக்கமே கொண்டுபோகவில்லை. அதற்குள் பக்கத்துச் செடியும் போய்விட்டது.

இப்போது தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளித்தான் மூடாக்கு போடுகிறேன். கனம் 5 முதல் 7 செ.மீ. வரை. தண்ணீர் காலையில் மட்டும். அவ்வப்போது கிளறியும் விடுகிறேன். இழை அடர்ந்து காய்ந்தால் பாய்போல் இறுகி, ஊற்றுகிற தண்ணீரை வேருக்கு விடாது. காய்ந்த பூசணத்தைக் கிளறினால் வித்துத்தூள் பறக்கும். எனக்கு மூச்சிளைப்பு உண்டு. முதலில் தண்ணீர் தெளித்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் கை வைப்பேன். அங்கே முளைக்கும் காளானை யாரும் சமைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி கேட்ட அந்த வாசகர் இதற்குள் மருந்து வாங்கியிருக்கக்கூடும். புட்டியைத் திறப்பதற்கு முன் தண்டருகே சருகை விலக்கி, கடுகு மணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டம் போடும் ஒரு வாசகி