எங்கள் ஆலை நாடகத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு வாழ் பெருமக்களுக்கு வணக்கம்.

பின்னி நெசவாலைத் தொழிலாளர்களின் வரலாற்றைச் சொல்லும் எங்கள் நாடகம் உங்கள் ஆதரவோடு நிறைவாக நடந்தேறியது. 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது முதல், 1921-இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம் வரையிலான கதையை, அது நடந்த ஊரிலேயே, அந்த ஆலையில் உழைத்தவர்களின் பிள்ளைகள் முன்னிலையில் நடிப்பது எளிய காரியம் அன்று. கைதட்டலும் மாலையும் நடித்த எங்களுக்குக் கிடைத்தன. நடிகனாகவும், எனக்குக் காட்சி இல்லாத நேரங்களில் மேடைப் பணியாளனாகவும் இருந்தவன் என்ற முறையில், அவற்றில் பங்குடைய மற்றவர்கள் யார் யார் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தறிச்சத்தத்தைப் பலரும் பாராட்டினீர்கள். அது பதிவுசெய்த ஒலி அன்று. பின்படுதாவுக்கு அப்பால் எங்கள் தோழர்கள் மரப்பலகையிலும் இரும்புப் பட்டையிலும் அடித்து எழுப்பிய ஓசை அது. தொடக்கத்தில் அது வெறும் மேளமாகவே கேட்டது. ஆலையில் நெசவாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒத்திகைக்கு வந்து, ஊடை நூலை ஏந்தித் தறியில் நாடா ஓடித் திரும்பும் இடைவெளியைத் தம் தொடையில் தட்டிக் காட்டிய பிறகுதான் அதில் தறி பிறந்தது. மேடையில் வசனம் தாழும்போது அடியும் தாழ வேண்டும். மதிய உணவுக்கு அரை மணி நேரம் போதாது என்று தொழிலாளி வாய் திறக்கும் கணத்தில் அடி அறவே நிற்க வேண்டும். அரைநொடி பிந்தினாலும் அந்த வசனம் செத்துவிடும். எங்கள் முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு, குரலை மட்டுமே நம்பி அவர்கள் செய்த அந்த வேலையை நடிப்பு என்றே நான் சொல்வேன். ஐயா, உங்களுக்கும் அவர்களுக்கும் என் முதல் வணக்கம்.

விளக்கமைத்த அண்ணனுக்கு அடுத்த நன்றி. ஆயிரம் வாட் விளக்குகள் ஆறு சேர்ந்து எரிந்தாலே, 230 வோல்ட் மின்சாரத்தில் 26 ஆம்பியர் இழுக்கும். பழைய மண்டபத்தின் ஒரே இணைப்பில் அத்தனையையும் ஏற்றக் கூடாதென்று, பாரத்தை மூன்று ஃபேஸுக்கும் பிரித்து, ஒயர் சூடேறுகிறதா என்று இடைவேளைதோறும் தொட்டுப் பார்த்தார். ஒளி அழகாக இருந்தது என்று சொல்வோர், அது பாதுகாப்பாகவும் இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உடைகளைத் தைத்த அக்காவை நான் தனியே குறிப்பிட விரும்புகிறேன். தொழிலாளியாக வெளியேறி, சிறிது நேரத்தில் போலீஸ்காரராக நான் திரும்ப வேண்டியிருந்தது. சட்டைக்கு மேலே பொத்தான்களைக் கண்ணுக்காக வைத்து, உள்ளே வெல்க்ரோ தைத்திருந்தார். மேடையோரத்துச் சைடு விங்கின் இருட்டில், வாயில் ஊக்குகளைக் கவ்வியபடி, டார்ச் கூட இல்லாமல் எனக்கு உடை மாற்றிவிட்டார். ஒருநாளும் என் நுழைவு பிந்தவில்லை.

தூக்குவாளிகளைக் கொடுத்துதவிய வீட்டார்க்கும், ஒத்திகை இரைச்சலைப் பொறுத்துக்கொண்ட தெருவாசிகளுக்கும் எங்கள் நன்றி. நடிகர்களுக்கும் மேடைப் பணியாளர்களுக்கும் ஒரே சம்பளம் என்று முடிவுசெய்து, கடைசிக் காட்சி முடிந்த இரவே அதைக் கையில் கொடுத்த தயாரிப்பாளருக்கும் நன்றி. தொழில்முறை நாடகத்தில் இதுவே நடைமுறையாக வேண்டும் என்பது எங்கள் குழுவின் கோரிக்கை. அடுத்த நாடகத்தின் துண்டறிக்கையில், பின்னணிக் கலைஞர்களின் பெயர்கள் நடிகர்களின் பெயர்களோடு ஒரே எழுத்தளவில் அச்சாகும்.

அன்புடன்,
நாடகக் குழுவினர் சார்பில் ஒரு நடிகன்
பெரம்பூர், சென்னை