பழைய சாமான் வியாபாரிகளுக்கு: அந்தப் பொம்மைகளைக் கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் லாரி ஓட்டிப் பழைய பேப்பர், இரும்பு, வீட்டுச் சாமான் எடுக்கும் அண்ணன்மார்களுக்கும், ஞாயிறு காலையில் ஈப்போ மெமரி லேன் வரை போய்க் கித்தான் விரித்துக் கடை போடும் அக்காமார்களுக்கும், தம்பிகளுக்கும் வணக்கம்.

1970, 80களில் வந்த சூப்பர்ஹீரோ பொம்மைகளையும், அவற்றோடு சேர்ந்த கோட்டை, குகை, வண்டி செட்டுகளையும் தேடி வாங்குகிறவர்கள் நாங்கள். விலையைக் குறைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அலமாரியில் முப்பது நாற்பது வருஷம் நல்லபடியாகக் கிடந்த பொருள், லாரியில் ஏறிக் கித்தானுக்கு வருவதற்குள் கெட்டுப்போகிறது. பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் கெடுக்கிறோம்: அழுக்காக இருக்கிறதே என்று கழுவுவது, உடைசல் என்று நினைத்துப் பொடிசுகளைக் குப்பையில் போடுவது. அதில் உங்களுக்குத்தான் முதல் நஷ்டம்.

பொடிசுகளிலிருந்தே தொடங்குகிறோம். கென்னர் கம்பெனி 1984 முதல் 1986 வரை போட்ட சூப்பர் பவர்ஸ் வரிசையில் முதல் வருஷம் வந்தவை பன்னிரண்டு பொம்மைகள். அக்குவாமேனுக்கு ஒரு திரிசூலம், ஜோக்கருக்கு ஒரு சுத்தியல், பெங்குவினுக்கு ஒரு குடை, கிரீன் லேண்டர்னுக்கு ஒரு விளக்கு, வொண்டர் வுமனுக்கு ஒரு சுருக்குக் கயிறு. எல்லாம் பொடிசு. பொம்மை மட்டும் கிடைப்பது எளிது. திரிசூலம் மட்டும் கிடைப்பது அரிது. சில நேரம் அந்தத் துண்டு மட்டும் பொம்மையைவிட அதிக விலைக்குப் போகும். 1984இல் மேட்டல் கொண்டுவந்த சீக்ரெட் வார்ஸ் வரிசையிலும் இதே கதை. சாய்த்தால் படம் மாறும் கேடயம், வுல்வரினின் கையில் மாட்டும் நகங்கள். அந்த நகம் வெள்ளி நிறத்திலும் உண்டு, கறுப்பிலும் உண்டு. கறுப்புதான் குறைவு. பல் குத்தும் குச்சி போலக் கறுப்பாக ஏதாவது கிடந்தால் தயவுசெய்து எறியாதீர்கள்.

ஆகவே ஒரு வீட்டிலிருந்து பொம்மை எடுத்தால், அது இருந்த பிஸ்கட் டின்னை அப்படியே எடுங்கள். அடியில் கிடக்கும் தூசியோடு சேர்த்து ஒரு பையில் கொட்டி, எந்த வீட்டுப் பொம்மையோடு வந்ததோ அதோடு வையுங்கள். இரண்டு வீட்டுச் சாமானை ஒரே கூடையில் கலந்துவிட்டால் எந்த வாள் எந்தக் கைக்கு என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஹீ-மேனின் வாளைப் பாருங்கள்: ஒரு பக்கம் வளைவும் வேலைப்பாடுமாக இருக்கும், மறுபக்கம் தட்டை. உடைந்தது என்று நினைப்பார்கள். உடையவில்லை. ஸ்கெலட்டாரிடம் இருக்கும் ஊதா நிறப் பாதி வாளோடு சேர்த்தால்தான் முழு வாள்.

ஹீ-மேன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். மேட்டலின் அந்த வரிசை கடைக்கு வந்தது 1982இல். முதுகில் 1981 என்று அச்சு இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது உரிமை பதிவான வருஷம், பொம்மை செய்த வருஷம் அல்ல. அந்த எண்ணுக்குக் கீழே நாட்டின் பெயர் இருக்கும். தைவான், மெக்சிகோ என்று பல நாடுகளில் செய்தார்கள். அவற்றில் ‘மலேசியா’ என்று பதிந்தவையும் உண்டு. நம் நாட்டிலேயே செய்தது. அந்த எழுத்தைத் தேய்த்துவிடாமல், கறையை எடுக்கிறேன் என்று சுரண்டாமல் விடுங்கள். வாங்குபவர் முதலில் திருப்பிப் பார்ப்பது முகத்தை அல்ல, முதுகைத்தான். எட்டு அங்குல உயரத்தில் துணிச் சட்டை போட்ட மெகோ கம்பெனிப் பொம்மை கிடைத்தால், பலவற்றின் முதுகில் ஹாங்காங் என்ற பெயரும் ரோமன் எண்ணில் 1971ம் இருக்கும். அதுவும் உடம்பு அச்சின் வருஷமே. சூப்பர்மேன், பேட்மேன், ராபின், அக்குவாமேன் நால்வரும் மெகோவில் வந்தது 1972இல்.

இனிக் கழுவும் விஷயம். சூப்பர் பவர்ஸ் பொம்மையின் தொடைகளை அழுத்தினால் கை குத்தும். ஃபிளாஷ் போன்ற சிலவற்றில் கையை அழுத்தினால் கால் ஓடும். உடம்புக்குள் நெம்பும் பாகங்கள் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. நம் ஊர் ஈரத்தில் அது காயவே காயாது. மெகோவின் முதல் வகை உடம்பில் முட்டியில் உலோக ஆணி உண்டு. துருப்பிடித்தால் பழுப்பு நிறம் பிளாஸ்டிக்கில் ஊறிவிடும். குளோராக்ஸ் பிளீச் ஊற்றினால் துரு இன்னும் வேகமாக வரும், துணி நைந்துபோகும். தின்னர், நகப்பூச்சு நீக்கி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் கெட்டிப் பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஸ்பிரிட் பிளாஸ்டிக்கை விட்டுவைத்தாலும் கண்ணையும் உதட்டையும் அழித்துவிடும். முகத்துப் பெயின்ட் போன பொம்மையை நாங்கள் உதிரிபாகமாகத்தான் வாங்குவோம்.

செய்தே ஆக வேண்டுமென்றால் செய்யக்கூடியது இவ்வளவுதான். காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஸ்டிக்கரையும், முதுகில் தொங்கும் துணிப் போர்வையான கேப்பையும் தொடாமல் துடையுங்கள். நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் காயவைக்கக் கூடாது.

கேப்பைக் கழற்றவே வேண்டாம். சூப்பர் பவர்ஸ் வரிசையின் சூப்பர்மேன், பேட்மேன், ராபினின் கேப் கழுத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையத்தில் மாட்டியிருக்கும். நாற்பது வருஷப் பிளாஸ்டிக் அது, கொஞ்சம் விரித்தாலும் பொட்டென்று போகும். அழுத்தினால் கை அசையவில்லை என்றால் மேலும் அழுத்திப் பார்க்காதீர்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லி விற்பது, உள்ளே நொறுங்கியதை விற்பதைவிட மேல்.

கால் தொங்குகிற பொம்மை உடைந்த பொம்மை அல்ல. ஹீ-மேன் வகையில் இரண்டு காலையும் உள்ளே ஒரு ரப்பர்தான் பிடித்திருக்கிறது. மெகோவில் எலாஸ்டிக் கயிறு. இரண்டுமே வயதானால் தளரும், அறுந்துபோகும். மாற்று ரப்பர் போட்டால் சரியாகிவிடும். சூப்பர் குளூ போட்டு இடுப்பில் ஒட்டிவிட்டால்தான் கதை முடிந்தது. அந்தப் பசை பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், பிரித்தால் தோலோடு வரும்.

கையில் எடுத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிற பொம்மையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது எண்ணெய் அழுக்கு அல்ல. மென்மையான பிவிசி வளைந்து கொடுப்பதற்காக அதில் கலந்த மென்மையூட்டி மெல்ல மெல்ல மேலே கசிகிறது. சூடு கூடினால் வேகம் கூடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 பாகையைத் தாண்டும். அந்த டாஷ்போர்டில் ஒரு மதியம் கிடந்தால் போதும். மேலே சொன்ன சோப்புத் துணியால் துடைத்தால் தற்காலிகமாகப் போகும், பிறகு திரும்ப வரும். ஆனால் இதில் பெரிய ஆபத்து வேறு: அந்தக் கசிவு பக்கத்தில் கிடக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கைத் தின்னும். மென்மையான கை ஒன்று வண்டியின் கூரைமேல் சில மாதம் சாய்ந்து கிடந்தால், கூரையில் உருகிய தழும்பு விழுந்திருக்கும். எதைக்கொண்டும் எடுக்க முடியாது. பொம்மையையும் வண்டியையும் ஒரே பையில் போடாதீர்கள், நடுவில் ஒரு வெள்ளைக் காகிதமாவது இருக்கட்டும்.

வெள்ளைக் காகிதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கையில் இருப்பது பழைய பேப்பர்; சுற்றுவதற்கு அதைத்தான் எடுப்பீர்கள். செய்தித்தாள் மை மென்மையான பிவிசியில் ஊறும். ஊறிய பிறகு துடைத்தால் போகாது. பால்பென்னில் காலடியில் விலை எழுதுவதும் இதே பாவம்தான். பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி நாள்கணக்கில் வெயிலில் வைத்துச் சிலர் எடுக்கிறார்கள், ஆனால் அந்த இடம் வெளுத்துவிடும். ரப்பர் பேண்டும் வேண்டாம்: சூட்டில் அது இளகிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு பழுப்புக் கோடு போடும். குமிழிப் பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றினால் வட்ட வட்டமாக அச்சு விழும். விலைச் சீட்டு ஒட்டுவதென்றால் வெளிப் பையில் ஒட்டுங்கள்.

உபாட் கெகாட், அதாவது அந்துருண்டை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பூச்சி வரக்கூடாதென்று பெட்டிக்குள் நான்கு உருண்டை போட்டு மூடுவது நம் வீடுகளில் வழக்கம். நாஃப்தலின் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். வண்டிக் கண்ணாடி மங்கும், உருண்டை பட்ட இடம் குழியும், ஸ்டிக்கர் சுருளும். துணிக்கு வையுங்கள், பொம்மைக்கு வேண்டாம். பூச்சிக்கும் ஈரத்துக்கும் சேர்த்து நல்லது, இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும்தான். 30 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் தாராளம். நிறம் மாறும் வகையாக வாங்கினால், நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 120 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். பிசுபிசுக்கும் பொம்மையை மட்டும் அந்த டப்பாவில் மற்றவற்றோடு அடைக்காதீர்கள். அதற்குக் காற்று வேண்டும். எதுவானாலும் சிமெண்டுத் தரையில் நேரடியாகவும் வேண்டாம், சிங்க் கூரைக்கு ஒட்டிய பரணிலும் வேண்டாம்.

பெரிய செட்டுகள் வரும்போதுதான் மனம் அதிகம் பதறுகிறது. 1982இல் வந்த ஹீ-மேன் வரிசையின் கேசல் கிரேஸ்கல் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டு முகம், பச்சைச் சுவர், நடுவில் பிரிந்து திறக்கும். ஒரு பாதியை மட்டும் பிடித்துத் தூக்கினால் மறுபாதியின் எடை கீலில் தொங்கி, கீல் பிய்ந்துபோகும். மூடி, இரண்டு கையாலும் அடியில் பிடித்துத் தூக்குங்கள். வாயாகத் திறக்கும் பாலத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. உள்ளே பாருங்கள்: சிம்மாசனம், விழும் கதவு, கயிற்றில் ஏறி இறங்கும் லிஃப்ட், ஏணி, ஆயுதம் மாட்டும் சட்டம், பயிற்சிப் பொம்மை, கோபுரத்து லேசர் பீரங்கி, கொடி. கொடியும் பீரங்கியும் ஏணியும்தான் முதலில் காணாமல் போகும். லிஃப்ட் கயிறு அறுந்திருந்தால் அப்படியே விடுங்கள், நைலான் கயிறு கட்டி அழகுபடுத்த வேண்டாம். தரை ஸ்டிக்கரில் தண்ணீர் படக்கூடாது. பட்டால் ஓரம் தூக்கும். பச்சைப் பூச்சு மங்கலாக இருக்கிறதென்று ஸ்பிரே அடித்த கோட்டையைக் காப்பாற்ற எங்களால் முடியாது.

மெகோவின் பேட்கேவ் என்ற பேட்மேன் குகை, 1974, இதைவிட நோஞ்சான். அட்டைக்கு மேல் வினைல் போர்த்து ஓரங்களைச் சூட்டில் ஒட்டியது. பார்க்கப் பழைய சூட்கேஸ் போல இருப்பதால் குப்பைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஈரத்தில் உள்ளே அட்டை உப்பும், ஓரத்து ஒட்டு பிரியும். பிரிந்த ஓரத்தில் செல்லோடேப் போடாதீர்கள். டேப்பின் பசை சில வருஷத்தில் மஞ்சளாகி, எடுக்கும்போது அச்சையும் உரித்துக்கொண்டு வரும். பெட்டிக்கும், பொம்மை மாட்டி வந்த அட்டைக்கும் இதே பேச்சுதான். கிழிந்த பெட்டியும் காசுதான், அதைப் பழைய அட்டையோடு கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள். உள்ளே மடித்த தாள் இருந்தால் அது செய்முறைத் தாளாகவோ பொம்மையோடு வந்த குட்டிக் காமிக்ஸாகவோ இருக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் துடைக்காமல் தனிப் பையில் போடுங்கள். ஈரத் துணி பட்டால் பூஞ்சை இழைக்குள் இறங்கிவிடும்.

பேட்டரி வண்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பேட்டரி இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்து, பேட்டரி ஆல்கலைன் வகை என்றால், பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் தகட்டை மட்டும் துடைத்து, பிறகு காய்ந்த குச்சியால் துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கசிந்தது தோலை அரிக்கும். மஞ்சளாகிப்போன வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைக்கும் வித்தை இப்போது பரவியிருக்கிறது. வெளுக்கத்தான் செய்யும். திட்டுத் திட்டாகவும் வெளுக்கும், பிறகு பலவற்றில் மஞ்சள் திரும்பவும் வரும். மஞ்சளாகவே கொடுங்கள்.

கடைசியாக, நேர்மை பற்றி. புதிதாகச் செய்த கேப், ஆயுதம், பெட்டி எல்லாம் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. அதைப் போட்டு விற்பதில் தப்பில்லை, சொல்லி விற்றால். நாற்பது வருஷப் பொம்மையின் தோளில் மடிப்புக்கூடக் கலையாத கேப்பைப் பார்த்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்; விஷயம் தெரியாத சின்னப் பையன் ஏமாறுவான், அடுத்த வாரம் உங்கள் கடைப்பக்கம் வரமாட்டான். ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் மாட்டியிருந்தாலும் அப்படியே சொல்லுங்கள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அந்தக் காலத்தில் விற்ற போலிப் பொம்மைகளையும் தள்ளிவிடாதீர்கள்: நெஞ்சில் தப்பான எழுத்து, தப்பான நிறம். அவற்றுக்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அசல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எது என்னவென்று தெரியாவிட்டால் முன்பக்கம் ஒரு படம், முதுகு எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம், கூட வந்த பொடிசுகளை வெள்ளைத் தாளில் பரப்பி ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். கித்தானுக்கு வருகிற எங்களில் யாரிடம் காட்டினாலும், நாங்கள் வாங்காவிட்டாலும், என்ன பொருள், எது குறைகிறது என்று சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
பழைய சூப்பர்ஹீரோ பொம்மை சேகரிக்கும் நாங்கள்
சுங்கை சிப்புட், பேராக்