மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் தெருவுக்கு வாருங்கள்

சென்னையின் மரங்களுக்குப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் வடசென்னையில் வியாசர்பாடிக்காரன். வேலை தெற்கே அடையாறில். பஸ் காந்தி நகர்ப் பக்கம் போனதும், முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவர்கள் கைக்குட்டையை மடித்து வைத்துவிடுவார்கள். அங்கே தூங்குமூஞ்சி மரக் கிளைகள் ரோட்டுக்கு மேலே கூடிக்கொள்கின்றன. சாயங்காலம் வீடு திரும்பிக் குழாயைத் திறந்தால், மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடுகிறது. நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் அளந்து சொல்லும் வெயில் கணக்கு எங்கள் தகரக் கூரைக்குப் பொருந்துவதில்லை.

பகலையாவது சமாளித்துவிடலாம், ராத்திரிதான் பெரும்பாடு. நாளெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் இருட்டிய பிறகு அதைக் கக்குகிறது. பத்துக்குப் பத்து அறை, ஒரே ஜன்னல், அதையும் கொசுவுக்குப் பயந்து சாத்த வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா கூரைமேல் சாக்கை நனைத்துப் போடுவார். அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும், மறுபடி நனைப்பார். குடிக்கவே லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கிற தெரு இது.

வெள்ளைக்காரன் காலத்தில் ஊரின் தெற்கிலும் மேற்கிலும் பரந்த தோட்ட வீடுகள் எழும்பின. வடக்கே பி அண்ட் சி துணி மில்லுக்கும் பெரம்பூர் ரயில்வே பட்டறைக்கும் ஆள் தேவைப்பட்டது. வந்தவர்கள் கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். தோட்டத்தில் மரம் வந்தது, சந்தில் எங்கே வரும்?

ஆறு வருடத்துக்கு முன்பு எங்கள் தெருமுனையில் ஒரு மரம் நடும் விழா நடந்தது. ஷாமியானா, மைக், போட்டோ, பதினாறு கன்றுகள். குழி ஓர் அடிகூட இல்லை. சித்திரை பிறப்பதற்குள் பதினைந்து போய்விட்டன. மிஞ்சிய ஒரு புங்கனை டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரை ஊற்றி வளர்த்தார். இன்று அதன் கீழே மூன்று ஆட்டோ, ஓர் இஸ்திரி வண்டி, பூக்கட்டும் ஆயா. யாருடைய கணக்கிலோ அது இன்னும் பதினாறாகத்தான் இருக்கும்.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு. நல்ல விஷயம். ஆனால் எங்கள் சந்தில் ஓர் இலைகூடத் துளிர்க்காமலே அந்த 33-ஐ எட்டிவிட முடியும். அதனால் வார்டு வாரியாக எத்தனை மரம் உயிரோடு இருக்கிறது என்று வெளியிடுங்கள், நட்ட கணக்கு வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். செத்த பிறகு வரும் அந்தப் பணத்தில் கொஞ்சம் முன்கூட்டியே நிழலாக வரக் கூடாதா?

ஆறடிச் சந்தில் மரம் வைக்க முடியாது, அது எங்களுக்கும் தெரியும். அங்கே கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுங்கள். மரத்தை ஜனங்கள் காத்து நிற்கிற இடத்தில் வையுங்கள்: பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, பால்வாடி வாசல். வேம்பு, புங்கன், பூவரசு போதும். அழகுக்கு வைத்தவை 2016 வர்தா புயலில் எப்படி விழுந்தன என்று பார்த்தோமே. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் தெருப் பெண்களுக்கே கூலி கொடுங்கள்.

அப்புறம், ஒரு பயமும் இருக்கிறது. கூவம் கரையைச் சீரமைக்கும்போது அங்கே இருந்த குடும்பங்களைப் ஊருக்கு வெளியே தெற்கே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். மரத்துக்கு இடம் வேண்டும் என்று எங்களையும் கிளப்பிவிடாதீர்கள். நிழல் வரும்போது நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும்.

மே மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து பாருங்கள். காரைப் புங்கமரத்தடியில் நிறுத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஆட்டோக்காரர்கள் விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடிவாசி ஒருவன்